வேலையே செய்யாத ஆள்

நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தீர்கள். நன்றி என்றெல்லாம் அழகாகச் சொல்ல எனக்கு வராது அக்கா. திருப்பூரிலிருந்து கழிப்பறை ஓரமாக நின்றுகொண்டே வந்தேன். கையில் இருப்பது அன்ரிசர்வ்டு டிக்கெட். டி.டி.ஆர். வந்தால் நானே எழுந்து போய்விடுவேன், உங்களுக்குச் சங்கடம் வராது. இந்தப் பெட்டியில் தமிழ் பேசுகிற முகம் உங்களுடையது ஒன்றுதான். மற்றவர்கள் எல்லாம் ஊருக்குத் திரும்புகிற ஒடிசாக்காரர்கள். நானும் அங்கேதான் போகிறேன்.

எதற்கு என்று கேட்டீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அப்பா அங்கே ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். சாயப்பட்டறைக் குடோனில் புகையை இழுத்து நுரையீரல் வெந்துவிட்டது. அவர் வேலை செய்த பட்டறைதான். ஆனால் பட்டறைக்காரர்கள் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா? இந்த ஆளை எங்களுக்குத் தெரியாது, திருட வந்தவன் என்று. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். எழுந்து நிற்கவே முடியாத மனுஷன், அவர் ஓடிவிடுவாராம். அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

என் பெயர் பிரவீணா. பதினெட்டு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. பன்னிரண்டாவதில் பாதியில் நின்றுவிட்டேன். ஃபெயில் இல்லை. அப்பா ஊரில் இல்லை, அம்மாவுக்குக் கால் வீக்கம், பனியன் கம்பெனியில் செக்கிங்குக்கு ஆள் கேட்டார்கள், போய்விட்டேன். ‘அடடா, படிப்பை விட்டுட்டியா கண்ணு’ என்று உச்சுக் கொட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நீங்கள் கொட்டவில்லை. அதனால்தான் பேசுகிறேன்.

இது எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால், என்னிடம்தான்.

எங்கள் ஊர்க் கிணற்றைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் சிவப்பாக இருக்கும், சில வாரம் கறுப்பாக இருக்கும். துணி அலசினால் துணி கெட்டுப்போகும். பள்ளிக்கூடத்தில் பேனா மாதிரி ஒரு மீட்டர் கொடுத்தார்கள், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். ஐந்நூறுக்குள் இருந்தால் குடிக்கலாம். முப்பத்தொரு கிணற்றில் முக்கிப் பார்த்தேன். எங்கள் வரிசை வீட்டுக் கிணறு நாலாயிரத்து அறுநூறு. கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். பட்டறைக்காரர்கள் எல்லாம் முதல் வரிசையில். நான் மைக்கைப் பிடித்து முப்பத்தொன்றையும் படித்தேன். படித்துவிட்டு, ‘சாயக் கழிவு லிட்டருக்கு இவ்வளவு என்று வரி போடுங்கள், அப்போதுதான் இவர்கள் அதை வெளியே விடுவதை நிறுத்துவார்கள்’ என்றேன். அப்பா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார், அவருடைய முதலாளிக்குப் பின்னால்.

அடுத்த வருஷம் கழிவுநீர் வரி வந்தது. நான் பேசியதால் வந்தது என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஆனால் பேசினேன். வெளியே போகிற குழாயில் மீட்டர் மாட்டினார்கள். எட்டு மாதத்தில் பாதிப் பட்டறை பூட்டிவிட்டது. அப்பாவின் முதலாளி குப்புராஜ் மட்டும் பூட்டவில்லை. மெஷினை எல்லாம் கழற்றி லாரியில் ஏற்றி ஒடிசாவுக்குக் கொண்டுபோனார். அங்கே அந்த வரி இன்னும் வரவில்லை. நிலத்துக்கும் கரண்டுக்கும் சலுகை வேறு. ஒரே ஒரு நிபந்தனை, அந்த மாநிலத்து ஆட்களைத்தான் வேலைக்கு வைக்கவேண்டும். நியாயமான நிபந்தனைதான். எங்கள் ஊரிலும் அப்படி ஒன்று போட்டுத் தொலைத்தால் என்ன என்று அம்மா வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வரி கேட்டதற்கு நான் வருத்தப்படுகிறேனா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. இப்போது எங்கள் கிணறு ஆயிரத்து எண்ணூறு. போன மாதம்கூடப் பார்த்தேன்.

நிரஞ்சனைப் பற்றிச் சொல்லவேண்டும், அவன் இல்லாமல் கதை நகராது. ஒடிசாக்காரன். முப்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் வரிசையில் கடைசி அறையில் ஏழு பேர் தங்கியிருந்தார்கள், அதில் அவன் மூத்தவன். அப்பாவோடுதான் வேலை. அப்பா மாஸ்டர் இல்லை, மாஸ்டருக்கு அடுத்த ஆள், சாயமும் மருந்தும் நிறுத்துப் போடுகிறவர். நிரஞ்சன் மூட்டை தூக்குவான். நல்லவன். நாங்கள் யாரும் அவர்களைத் தொந்தரவு செய்ததில்லை. தண்ணீர் லாரி வந்தால் எங்கள் குடம் எல்லாம் நிறைந்த பிறகு அவர்கள் பிடிப்பார்கள், அது ஓர் ஒழுங்கு, இல்லாவிட்டால் சண்டை வரும். என்னைப் பாப்பா என்பான். நான் நிரஞ்சன் என்பேன். எல்லோரும் அவர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

அவர்கள் ஏழு பேருக்கும் பட்டறை ரிஜிஸ்டரில் பெயர் கிடையாது. லேபர் ஆபீஸ் ஜீப் வருகிறது என்று தகவல் வந்தால், பின்வாசல் வழியாக ஏழு பேரையும் எங்கள் வீட்டு உள்ளறையில் கொண்டுவந்து அடைத்துவிடுவார் அப்பா. அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். தாழ்ப்பாள் உள்ளே. யார் கூப்பிட்டாலும் திறக்கக்கூடாது. இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தட்டு. அப்படித் தட்டினால்தான் திறக்கவேண்டும். நான் வாசலில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், ஜீப் போனதும் தட்டுவேன். ஒரு தடவை ஆபீசர் என்னிடமே வந்து, ‘ஏம்மா, தண்ணி டெஸ்ட் பண்ண பொண்ணுதானே நீ? இங்க வடநாட்டு ஆளுங்க வேலை செய்யறாங்களா?’ என்று கேட்டார். ‘நான் பார்த்ததே இல்லைங்க சார்’ என்றேன். நம்பிவிட்டார். அந்த முப்பத்தொரு கிணற்றுக்கு அவ்வளவு மரியாதை.

அன்றைக்கு இன்னொரு கூத்து. ஜீப் பதினொரு மணிக்கே போய்விட்டது. அதற்குள் தோழி ஒருத்தி, அவள் தங்கைக்குச் சீர், வாடி என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். சாப்பிட்டேன், ஃபோட்டோ எடுத்தேன், வீட்டுக்கு வரும்போது மணி நாலு. உள்ளே ஏழு பேரும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். சித்திரை மாசம், தகரக் கூரை, ஃபேன் கிடையாது. ஒரு பையன் மயங்கியே விட்டான். தாழ்ப்பாள் உள்ளேதானே இருக்கிறது, திறந்து வந்திருக்கலாம் இல்லையா? ‘தட்டலியே பாப்பா’ என்றான் நிரஞ்சன். இரண்டு நாள் வரிசை முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவனும் சிரித்தான். சிரித்த மாதிரிதான் இருந்தது.

சரி, விடுங்கள்.

பட்டறை ஒடிசா போனபோது நிரஞ்சனுக்கு யோகம். அவன் ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர். வேலை ரிஜிஸ்டரில் பெயரோடு. சூப்பர்வைசர். ஆனால் அங்கே புதிதாகச் சேர்த்த ஆட்களுக்குச் சாயம் போடத் தெரியாது. முதல் மூன்று லோடும் திட்டுத் திட்டாக வந்ததாம். அதனால் குப்புராஜ் இங்கிருந்து ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். பெயர் இல்லாமல். அப்பா அதில் ஒருவர். இங்கே அவருக்கு வேறு என்ன வேலை தெரியும்? இருபத்திரண்டு வருஷம் சாயம் போட்ட கையை எந்தப் பனியன் கம்பெனியில் வெள்ளைத் துணியைத் தொட விடுவார்கள்? கிளம்புகிற அன்றைக்கு ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு, ‘தண்ணி நல்லாத்தான் ஆயிருக்குது பாப்பா. குடிக்கறதுக்குத்தான் ஊட்ல ஆளில்லாமப் போகுது’ என்றார். குத்திக்காட்டவில்லை. அவருக்கு அது வராது. அது வந்திருந்தால் பரவாயில்லை.

நிரஞ்சன் வீட்டிலேயே ஓர் அறையில் ஆறு பேரும் வாடகைக்கு. அந்த ஊர்ப் பெண்கள் என்ன செய்வார்கள் தெரியுமா அக்கா? அடிபம்பில் அவர்கள் எல்லோரும் பிடித்து முடித்த பிறகுதான் அப்பா பிடிக்கவேண்டுமாம். ஐம்பது வயது மனுஷன், ஷிப்ட் முடிந்து வந்து குடத்தோடு நிற்பாராம். ஃபோனில் கேட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு! என்ன ஜனங்கள் அவர்கள்? ‘விடு பாப்பா, அவிய ஊரு’ என்றார் அப்பா.

இனி அந்த நாள்.

போன மாதம் பதினேழாம் தேதி. சலுகை கொடுத்த ஆபீசிலிருந்து சோதனைக்கு வருகிறார்கள், எல்லாம் உள்ளூர் ஆட்கள்தானா என்று பார்க்க. மற்ற ஐந்து பேரும் நைட் ஷிப்ட் முடித்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் உள்ளே. மானேஜர் அவரைக் கெமிக்கல் குடோனில் போய் இருக்கச் சொல்லிவிட்டார். நிரஞ்சன்தான் கொண்டுபோய் விட்டிருக்கிறான். அப்பா அவனுக்குத் தன் முறையையே சொல்லியிருக்கிறார். இரண்டு தட்டு, நிறுத்தி ஒரு தட்டு. தட்டினால்தான் திறப்பேன் என்று.

குடோனில் ஹைட்ரோஸ் இருந்தது. சாயத்துக்குப் போடுகிற ஒரு பொடி. அதில் தண்ணீர் பட்டால் தானாகச் சூடேறி விஷப் புகை விடும். பட்டறையில் சின்னப் பையனுக்குக்கூட அது தெரியும். அன்று மத்தியானம் மழை. கூரை ஒழுகியிருக்கிறது. டிரம் மூடி சரியாக இல்லை. அந்தப் பொடியை இருபத்திரண்டு வருஷம் நிறுத்துப் போட்டவர், புகை வந்த உடனே அவருக்குத் தெரிந்திருக்கும். தாழ்ப்பாள் உள்ளே. கை நீட்டினால் திறக்கலாம்.

திறக்கவில்லை. தட்டவில்லையே.

சோதனைக்கு வந்தவர்கள் சாப்பாடு கேட்டிருக்கிறார்கள். மானேஜர் நிரஞ்சனை வேனில் அனுப்பிக் கோழி வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்து, பரிமாறி, அவர்களைக் கெஸ்ட் ஹவுஸில் கொண்டுபோய் விட்டு, திரும்பும்போது மணி அஞ்சு. மறந்துவிட்டானாம். மறந்துவிட்டேன் பாப்பா என்று ஃபோனில் அழுதான். ஓர் ஆளை உள்ளே வைத்துவிட்டு எப்படி அக்கா மறக்கும்? யாருக்காவது மறக்குமா?

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

அது வேறு. அங்கே மருந்து இல்லை. வெறும் அறை.

வேறுதான்.

கதவை உடைத்து வெளியே எடுத்தபோது அப்பாவுக்கு நினைவு இருந்திருக்கிறது. ‘போயிட்டாங்களா?’ என்று கேட்டாராம். நாலு நாள் கழித்து என்னிடம் பேச அவர் காதில் ஃபோனை வைத்தார்கள். மூச்சு மட்டும்தான் கேட்டது. ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். நான் பேசிக்கொண்டே இருந்தேன். கிணறு ஆயிரத்து எண்ணூறுக்கு வந்துவிட்டது அப்பா என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து போலீஸுக்குத் தகவல் போய்விட்டது. வெளிமாநில ஆள் வேலை செய்தார் என்று தெரிந்தால் சலுகை எல்லாம் போய்விடும். அதனால் கம்பெனி முந்திக்கொண்டது. திருட வந்தவன்.

குப்புராஜ் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். பழம் எல்லாம் வாங்கி வந்தார். ‘இத பாரு கண்ணு, மானேஜர் அவசரப்பட்டு எழுதிக் குடுத்துட்டான். நான் கேஸை வாபஸ் வாங்கிக்கறேன். ஆஸ்பத்திரிச் செலவு என்னோடது. ஆக்சிஜன் வெச்சு வேன்ல கொண்டாந்து ஊட்ல விடறேன். ஒரு கையெழுத்து மட்டும் வேணும்’ என்றார். முத்திரைத் தாள் நீட்டினார். இதோ, இந்தக் கவரில் இருக்கிறது. படிக்கிறேன் கேளுங்கள். ‘என் தகப்பனார் வெள்ளிங்கிரி மேற்படி ஆலையில் எக்காலத்திலும் பணிபுரியவில்லை. நண்பர் நிரஞ்சன் பெஹராவின் இல்லத்துக்கு விருந்தினராகச் சென்றவர், மழைக்கு ஒதுங்கும்போது தவறுதலாக மேற்படி குடோனுக்குள் சென்றுவிட்டார். இது குறித்து எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.’

மழைக்கு ஒதுங்கியவர். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

அம்மா தாளைத் தொடவே இல்லை. ‘இருவத்திரண்டு வருசம் அந்த மனுசன் உங்ககிட்ட ஒழச்சாரு. ஒழைக்கவே இல்லீன்னு நான் எழுதிக் குடுக்கோணுமா? செத்தாலும் போட மாட்டேன்’ என்றாள். குப்புராஜ் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார், ‘உனக்குப் பதினெட்டு ஆயிருச்சல்லோ? யோசி. கேசுன்னு போனா மூணு வருசமோ நாலு வருசமோ. அது வரைக்கும் உங்கய்யன் தாங்குவாரா?’

கெட்ட ஆள்தான். ஆனால் கேட்ட கேள்வி சரி.

அம்மா தூங்கும்போது கவரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நாளைக்குப் பதினொரு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் இந்தத் தாள் அங்கே இருக்கவேண்டும்.

ஒரு நிமிஷம் அக்கா. ஃபோன். நிரஞ்சன்தான்.

‘சொல்லுங்கண்ணா... ட்ரெயின்லதான் இருக்கேன்... இல்லண்ணா, இல்ல, நீங்க அதெல்லாம் சொல்ல வேண்டாம்... நான் சொல்றதக் கேளுங்க... வேண்டாங்கறேன்ல... ஆமா, நான்தான் சொல்றேன்... செய்யல... ஆமா, விருந்தாளி... ஆமாண்ணா. ஆமா. வெச்சிடறேன்.’

தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் கொடுங்கள்.

அவன் நாளைக்கு ஸ்டேஷனில் உண்மையைச் சொல்லப் போகிறானாம். வெள்ளிங்கிரி அண்ணன் அங்கேதான் வேலை செய்தார், நான்தான் உள்ளே வைத்தேன், நான்தான் தட்ட மறந்தேன் என்று எழுதிக் கொடுக்கப் போகிறானாம். அவன் ஊரில் நாற்பது வீட்டுக்கு அந்தப் பட்டறைதான் சோறு. அந்த நாற்பது வீட்டு ஆம்பிளைகளும் இந்த மாதிரி ரயிலில் தரையில் உட்கார்ந்து எங்கள் பக்கம் வந்து போனவர்கள். இப்போதுதான் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறார்கள். ஊர்க்கூட்டம் போட்டு, நீ வாயைத் திறந்தால் உன் வீட்டுக்கு யாரும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஆறும் அங்கே நிறம் மாறிவிட்டது, ஆனால் அதைப் பற்றியும் யாரும் பேசக்கூடாதாம். இருந்தாலும் சொல்கிறேன் பாப்பா என்கிறான். நாலு ராத்திரி தூங்கவில்லையாம்.

நான் வேண்டாம் என்றேன்.

நீங்கள் கேட்டீர்களே இப்போது. உண்மையைச் சொல்ல வருகிற ஒரே ஆளிடம், வாயை மூடு என்று நான் சொல்வதைக் கேட்டீர்கள். அவன் சொன்னால் என்ன ஆகும்? கேஸ் நடக்கும். குப்புராஜ் கையை உதறிவிடுவார். வேன் வராது. அந்தப் போலீஸ்காரர் ஸ்டூலை விட்டு எழுந்திரிக்க மாட்டார். மூன்று வருஷம் கழித்து, வெள்ளிங்கிரி வேலை செய்தது உண்மைதான் என்று தீர்ப்பு வரும். அதைப் படித்துக் காட்ட அவர் இருக்கவேண்டுமே.

‘நீயா பாப்பா இப்டி சொல்ற?’ என்று கேட்டான். நான்தான் என்றேன். அப்புறம் கேட்டான், ‘அப்போ அண்ணன் இங்க வேலை செய்யல?’ செய்யல என்றேன். ‘வீட்டுக்கு விருந்தாளியா வந்தார்?’ ஆமாம் என்றேன். ‘அப்போ நான் கதவு தட்ட வேண்டியதே இல்ல. நான் மறக்கல. அப்டித்தானே?’

ஆமாண்ணா என்றேன். அவன் அழுகிறானா, மூச்சு விடுகிறானா என்று புரியவில்லை. வைத்துவிட்டேன்.

வண்டி மெதுவாகிறது. விஜயவாடாவா? நீங்கள் இறங்கவேண்டும், தெரியும். பையை நான் எடுத்துத் தருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று.

இவ்வளவு நேரம் உங்களிடம் பேசியது சும்மா இல்லை. நான் சும்மா பேசுகிற ஆள் இல்லை. இந்தத் தாளில் கடைசியில் பாருங்கள், சாட்சி இரண்டு பேர். ஒன்று அவர்கள் பக்கம், மானேஜர் போட்டுவிட்டார். இன்னொன்று எங்கள் பக்கத்து ஆள் போடவேண்டும், தமிழ் படிக்கத் தெரிந்தவர். ஊரில் யாரும் போடமாட்டேன் என்றுவிட்டார்கள். அம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்துவிட்டாள். அந்த ஊரில் போய் இறங்கினால் தமிழ் படிக்கிற ஆளுக்கு நான் எங்கே போவேன்? அப்பாவோடு போன அந்த ஐந்து பேரையும் மறுநாளே எங்கேயோ அனுப்பிவிட்டார்கள்.

பேங்கில் வேலை என்றீர்கள். கையெழுத்து என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பொய் என்று தெரியாமல் போட்டேன் என்று நீங்கள் பிறகு சொல்லிக்கொள்கிற மாதிரி உங்களை ஏமாற்றி வாங்கியிருக்கலாம். அதற்குத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். அப்பாவைப் பார்க்கப் போகிறேன், உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு நீட்டியிருந்தால் போட்டிருப்பீர்கள். முடியவில்லை. சொல்ல ஆரம்பித்தால் எனக்கு எல்லாம் வந்துவிடுகிறது.

இது என் கையெழுத்து. காலையில் ஒங்கோல் தாண்டும்போது போட்டேன், வண்டி ஆட்டத்தில் கோணலாகிவிட்டது. மேலே எழுதியிருப்பது எல்லாம் பொய், உங்களுக்கும் தெரியும். கீழே ‘சாட்சி’ என்று இருக்கிற இடத்தில் உங்கள் பெயரை மட்டும் உண்மையாக எழுதுங்கள் அக்கா. வண்டி இங்கே பத்து நிமிஷம் நிற்கும்.